ஆர்எக்ஸ் 100-ஐ வீட்டுல பிரிக்கிறதுக்கு முன்னாடி: எதைத் திரும்ப மாத்தலாம், எதை மாத்தவே முடியாது

இந்த வாரம் கோடு கிடையாது, கிரீஸ்தான். பழைய பைக்கை வீட்டுலயே வெச்சு ரெஸ்டோர் பண்றதைப் பத்திப் பேசுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கீங்க. ஆனா பொதுவா "பழைய பைக்"னு பேசினா யாருக்கும் பிரயோஜனம் இல்லை. புல்லட்டுக்குச் சரியா இருக்குறது யெஸ்டிக்குச் சரியா வராது. அதனால ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கறேன்: யமஹா ஆர்எக்ஸ் 100.

1985-ல எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவோட கூட்டு சேர்ந்து இந்தியாவுல இறக்கின வண்டி. 1996-ல தயாரிப்பு நின்னுபோச்சு. 98 சிசி, டூ-ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன். கேட்க சின்ன நம்பரா இருக்கும். ஆனா வண்டியோட எடையே நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலதான். அதோட, ஃபோர்-ஸ்ட்ரோக்ல கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா ஒரு தடவை எரியும், டூ-ஸ்ட்ரோக்ல ஒவ்வொரு சுத்துக்கும் எரியும். கைப்பிடியைத் திருகினதும் வர்ற அந்த இழுவைக்குக் காரணம் இவ்வளவுதான்.

எங்க வீட்டு வண்டி பெரியப்பாவோடது. அவர் போனதுக்கப்புறம் அபார்ட்மென்ட் பார்க்கிங்ல தார்ப்பாய் மூடி நின்னுட்டு இருந்தது. சாவியைக் கொடுக்கும்போது பெரியம்மா சொன்னது ஒண்ணுதான்: "ஓட வை கண்ணு. ஆனா அவர் வண்டி மாதிரியே இருக்கணும்." அவங்க பையன், எனக்கு அண்ணன், அவனுக்கோ பின்பக்கம் சேஸிஸை வெட்டி ஒத்தை சீட் வெச்சு கஃபே ரேஸர் ஆக்கணும். ரெண்டு பேர் ஆசையும் நியாயம்தான். நடுவுல ஸ்பேனரோட நான்.

இதைத் தீர்க்க நான் ஒரே ஒரு கேள்வியை வெச்சுக்கிட்டேன். இந்த வேலையைப் பண்ணிட்டா திரும்பப் பழையபடி ஆக்க முடியுமா? முடியும்னா தாராளமா பண்ணலாம், பிடிக்கலைன்னா கழட்டிக்கலாம். முடியாதுன்னா அந்த வேலையை வரிசையில கடைசிக்குத் தள்ளணும், பல சமயம் தொடவே கூடாது. சாஃப்ட்வேர்ல இருக்கறவங்களுக்கு இந்த யோசனை புதுசில்லை. ஆனா பைக்ல "அன்டூ" பண்ண முடியாத இடங்கள் நாம எதிர்பார்க்காத இடத்துல ஒளிஞ்சிருக்கு. முதல் இடம் இன்ஜின்கூட இல்லை, ஆர்சி புக்.

ஸ்பேனரைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு பழைய டூத் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய் எடுத்துக்கிட்டு ஹேண்டில் கழுத்துல இருக்குற சேஸிஸ் நம்பரையும், கிராங்க் கேஸ்ல இருக்குற இன்ஜின் நம்பரையும் துடைங்க. ஆர்சியில இருக்குற நம்பரோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்க. வெளியில வாங்கப்போற வண்டின்னா இதைப் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. இந்த வண்டிக்கு இருக்குற கிராக்கியில திருட்டு வண்டி, வேற வண்டியோட இன்ஜின், தேய்ச்சுட்டுத் திரும்ப அடிச்ச நம்பர் எல்லாமே சந்தைக்கு வருது. நம்பர்ல தப்புன்னா எந்த மெக்கானிக்காலயும் அதைச் சரி பண்ண முடியாது.

எங்க கேஸ்ல ஆர்சி பெரியப்பா பேர்ல இருந்தது. உரிமையாளர் இறந்துட்டா வாரிசு பேருக்கு மாத்த ஃபார்ம் 31-னு தனியா ஒண்ணு இருக்கு. விற்கும்போது கொடுக்கற 29, 30 இங்க பொருந்தாது. அது போக, பைக்கோட பதிவு 15 வருஷத்துக்குத்தான் செல்லும். அதுக்கப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். அதுக்கு வண்டியை ஆர்டிஓ ஆபீஸ்ல நேர்ல காட்டணும். வண்டி முழுசா பிரிஞ்சு சாக்குப் பையில கிடக்கும்போது இதைப் பண்ண முடியாது. அதனால தேதிகளை முதல்லயே பார்த்துட்டு வேலையைத் திட்டமிடுங்க.

சில பேர் "இது விண்டேஜ் வண்டி, அதுக்குத் தனி ரூல்"னு சொல்லுவாங்க. 2021-ல மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் விதி 50 வயசு தாண்டின, பெருசா எதுவும் மாத்தப்படாத வண்டிகளுக்கு மட்டும்தான். முதல் ஆர்எக்ஸ் 100-க்கே 50 வயசு ஆகறது 2035-ல. அதுவரைக்கும் சட்டத்துக்கு இது இன்னொரு பழைய பைக், அவ்வளவுதான்.

சரி, பிரிக்கலாம். ஒவ்வொரு போல்ட்டையும் கழட்டறதுக்கு முன்னாடி ஒரு ஃபோட்டோ, கழட்டினதுக்கப்புறம் ஒரு ஃபோட்டோ. வயரிங்னா நாலு கோணத்துல எடுங்க. ஜிப் கவர்ல போட்டு மேல மார்க்கர்ல எழுதி வைங்க. இதுல சுவாரசியம் ஒண்ணும் இல்லை, ஆனா மூணு மாசம் கழிச்சு அந்த ஃபோட்டோதான் உங்க டாக்குமென்டேஷன்.

ஸ்க்ரூ விஷயம் ஒண்ணு சொல்லியே ஆகணும். ஜப்பான் வண்டிகள்ல இருக்குற ஸ்டார் ஸ்க்ரூ பார்க்க சாதாரண பிலிப்ஸ் மாதிரியே இருக்கும். ஆனா அது ஜேஐஎஸ்னு வேற அளவுமுறை. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை வெச்சு அழுத்தித் திருகினா முனை வழுக்கி மேல ஏறி, ஸ்க்ரூ தலையை வழிச்சு விட்டுடும். பழைய ஆர்எக்ஸ்கள்ல இன்ஜின் கவர் ஸ்க்ரூ எல்லாம் மொட்டையா இருக்குறதுக்குக் காரணம் இதுதான். ஜேஐஎஸ் முனை ஒண்ணும், சுத்தியலால அடிச்சா திரும்புற இம்பாக்ட் டிரைவர் ஒண்ணும் வாங்கிடுங்க. அதே மாதிரி மேக்னெட்டைக் கழட்ட அதுக்குன்னு இருக்குற புல்லர் வேணும். சுத்தியலால தட்டிக் கழட்டறேன்னு போனா கிராங்க் முனையே கெட்டுப்போகும்.

இப்ப இந்த எபிசோட்ல நான் ரொம்ப நேரம் செலவழிக்கப்போற இடம். டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்ல கிராங்க் கேஸ் வெறும் பெட்டி கிடையாது, அது ஒரு பம்ப். பிஸ்டன் மேல போகும்போது கீழ காலியாகி, கார்ப்ரேட்டர் வழியா பெட்ரோலும் காத்தும் கலந்து கிராங்க் கேஸுக்குள்ள வரும். பிஸ்டன் கீழ இறங்கும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு, பக்கவாட்டு ஓட்டை வழியா மேல சிலிண்டருக்குள்ள போகும். அதாவது கிராங்க் கேஸ் காத்துப் புகாம அடைச்சு இருந்தாத்தான் இன்ஜினே வேலை செய்யும். கிராங்கோட ரெண்டு பக்கமும் அதை அடைச்சு வெச்சிருக்குறது ரெண்டு ரப்பர் ஆயில் சீல். முப்பது வருஷத்துல ரப்பர் என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

வலது பக்கம், அதாவது கிளட்ச் பக்கம் சீல் போனா, கியர் ஆயில் உள்ள இழுக்கப்படும். சைலன்ஸர்ல வெள்ளையா அடர்த்தியா புகை, கியர் பாக்ஸ்ல ஆயில் அளவு குறைஞ்சுக்கிட்டே போகும். அசிங்கமா இருக்கும், ஆனா கண்ணுக்குத் தெரியும். இடது பக்கம், மேக்னெட் பக்கம் சீல் போனா புகையே வராது. காத்து மட்டும் திருட்டுத்தனமா உள்ள வரும். கலவையில காத்து அதிகமாகி சூடு ஏறும். வண்டி ஐடிலிங்ல தானா ரேஸ் ஆகும், கைப்பிடியை விட்டாலும் ஆர்பிஎம் இறங்காது, பிளக் வெளுத்துப்போய் இருக்கும். கேக்கறவங்க "வண்டி சும்மா பறக்குது"ன்னு சந்தோஷப்படுவாங்க. ஒரு நாள் ஈசிஆர்ல நல்ல வேகத்துல போகும்போது பிஸ்டன் விரிஞ்சு சிலிண்டர்ல பிடிச்சுக்கும், பின் சக்கரம் பூட்டிக்கும். பிஸ்டன் ஜாம்னு சொல்றது இதைத்தான். வண்டி போறது கூடப் பரவாயில்லை, பின்னாடி லாரி வந்தா?

அதனால இன்ஜினை மூடினதும் வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடி லீக் டெஸ்ட் பண்ணுங்க. இதுக்குப் பெரிய கருவி வேண்டாம். மெடிக்கல் ஷாப்புல கிடைக்கற, கையால பம்ப் அடிக்கற பிபி மீட்டர் போதும். இன்டேக், எக்ஸாஸ்ட் ரெண்டையும் பழைய டியூப் ரப்பரை வெட்டி அடைங்க. ஆயில் பம்ப்ல இருந்து வர்ற சின்ன குழாய் நுழையற இடத்தையும் மறக்காம அடைங்க. இன்டேக் அடைப்புல ஒரு வால்வு மவுத் வெச்சு அதுல பிபி பம்பை மாட்டி மெதுவா அடிங்க. மீட்டரோட உச்ச அளவு 300. அது கிட்டத்தட்ட 6 பிஎஸ்ஐ. அதுக்கு மேல அடிச்சா நல்ல சீலும் பிதுங்கிடும். மீட்டரைப் பார்த்துக்கிட்டு ஆறு நிமிஷம் உட்காருங்க. முள் நின்ன இடத்துல நின்னா நல்லது. இறங்கினா சோப்புத் தண்ணியைத் தடவுங்க, எங்க குமிழ் வருதோ அங்கதான் ஓட்டை. சிலிண்டர் பேக்கிங்கா, சீலா, கேஸ் ஜாயின்ட்டான்னு அதுவே காட்டிக்கொடுக்கும். எங்க வீட்டுல பெரியம்மாவோட பிபி மீட்டரையே கேட்டேன். "இன்ஜினுக்கும் பிரஷரா?"ன்னு கேட்டுட்டு, புதுசா வேற வாங்கிக்கோன்னு சொல்லிட்டாங்க.

அடுத்தது போரிங். சிலிண்டர் தேஞ்சிருந்தா லேத்துல கொடுத்து கொஞ்சம் பெருசா கடைஞ்சு, அதுக்கேத்த ஓவர்சைஸ் பிஸ்டன் போடணும். இந்த இன்ஜின்ல சிலிண்டர் விட்டமும் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கற தூரமும் 50 மில்லிமீட்டர். கணக்குப் போட்டா 98.2 சிசி. ஓவர்சைஸ் பிஸ்டன் கால் மில்லிமீட்டர் படிகள்ல வரும். 50.5-க்குப் போனா 100.1 சிசி, 51-க்குப் போனா 102.1 சிசி. சிசி கூடுதேன்னு சந்தோஷப்பட இதுல ஒண்ணும் இல்லை, வித்தியாசம் ஓட்டும்போது தெரியவே தெரியாது. கவனிக்க வேண்டியது வேற. ஒவ்வொரு போரிங்கும் அந்த சிலிண்டரோட ஆயுள்ல ஒரு படி. கடைஞ்ச இரும்பு திரும்ப வராது. கடைசிப் படி தாண்டினா புது ஸ்லீவ் அடிக்கணும், இல்லை வேற சிலிண்டர் தேடணும். அதனால லேத்துக்காரர் "எதுக்கும் ஒரேயடியா பெரிய சைஸ் போட்டுடலாம் தம்பி"ன்னா ஒத்துக்காதீங்க. அளந்து பார்த்து, தேய்மானத்தைச் சரி பண்ற மிகச் சின்ன சைஸ்ல நிறுத்துங்க. முக்கியமா, பிஸ்டனை முதல்ல வாங்கி கையில கொடுத்துட்டு, அந்தப் பிஸ்டனை அளந்து அதுக்குத்தான் கடையச் சொல்லணும்.

கிராங்கை மட்டும் வீட்டுல தொடாதீங்க. அது பிரஸ் பண்ணிச் சேர்த்த பாகம். கனெக்டிங் ராட் கிட் மாத்தணும்னா பிரிச்சு, திரும்ப அழுத்தி, டயல் கேஜ் வெச்சு ஆட்டம் இல்லாம நேராக்கணும். அனுபவமுள்ள லேத் பட்டறை வேலை அது. சென்னையில இருக்கறவங்களுக்கு பாகங்களுக்குப் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் தெரிஞ்சிருக்கும். ஒண்ணே ஒண்ணு: கவர், லீவர், மட்கார்டு எல்லாம் பழசு வாங்கலாம். சீல், பேரிங், பிரேக் ஷூ, கேபிள் இதெல்லாம் எப்பவும் புதுசு, நல்ல கம்பெனியோடது.

ஆயில் பம்ப் பத்தி ரெண்டு கட்சி இருக்கு. யமஹா இதுல ஆட்டோலூப்னு ஒரு பம்ப் வெச்சிருக்கு. இன்ஜின் வேகத்தையும் கைப்பிடியைத் திருகற அளவையும் பொறுத்து 2டி ஆயிலை அதுவே அளந்து கொடுக்கும். நிறைய மெக்கானிக்குகள் அதைக் கழட்டிப் போட்டுட்டு பெட்ரோல்லயே ஆயிலைக் கலந்து ஊத்தச் சொல்லுவாங்க. பம்ப் ஃபெயில் ஆனா இன்ஜின் போயிடும்ங்கறது அவங்க வாதம். நான் பம்ப் கட்சி. காரணம், கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது கைப்பிடியை மூடி இன்ஜின் பிரேக்குல வருவீங்க. கலந்து ஊத்தின வண்டியில பெட்ரோல் வர்றது நின்னா ஆயிலும் கூடவே நின்னுடும், இன்ஜின் மட்டும் வேகமா சுத்திட்டு இருக்கும். பம்ப் இருந்தா சுத்தற வேகத்துக்குக் கொஞ்சமாவது ஆயில் போகும். பம்பைத் திரும்ப மாட்டினதும் குழாய்ல இருக்குற காத்தை வெளியேத்தணும், முதல் டேங்க்குக்கு மட்டும் பெட்ரோல்லயும் கொஞ்சம் ஆயில் கலந்துக்கணும். குழாய்ல காத்துக் குமிழோட ஸ்டார்ட் பண்ணா, அந்தக் குமிழ் நகர்ந்து போற வரைக்கும் இன்ஜின் வறண்டு ஓடும்.

டேங்க் உள்ள துரு பிடிச்சிருந்தா எலுமிச்சை உப்பை வெந்நீர்ல கரைச்சு ஒரு ராத்திரி ஊற விடுங்க. காலையில கொட்டிட்டு, ஆப்ப சோடா கரைச்ச தண்ணியில அலசி, உடனே காய வைங்க. லேட் பண்ணா மத்தியானத்துக்குள்ள புதுத் துரு வந்துடும். டேங்க்ல நெளிவு எடுக்க வெல்டிங், கேஸ் நெருப்பு எதையும் கிட்ட கொண்டுபோக வேண்டாம். பெட்ரோல் நிறைஞ்ச டேங்க்கை விட காலி டேங்க்தான் ஆபத்து. உள்ள இருக்குறது காத்தோட கலந்த ஆவி, அது வெடிக்கும். பார்க்கிங்ல வேலை பண்றவங்க இதையும் கவனிக்கணும்: பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், தரையோட தவழ்ந்து போகும். பத்தடி தள்ளி கிரைண்டர் ஓடினாலும் போதும். பழைய பிரேக் ஷூ தூசியையும் கம்ப்ரஸர் வெச்சு ஊதாதீங்க, அந்தக் காலத்து லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால துடைச்சு எடுங்க.

பெயின்ட்டுக்கு வருவோம். இதுவும் திரும்ப முடியாத வேலைதான், ஆனா யாரும் அப்படி நினைக்கறதில்லை. சேஸிஸ் துருப்பிடிச்சிருந்தா பௌடர் கோட்டிங் நல்ல முடிவு. பேரிங் உட்கார்ற இடத்தையும் மரைகளையும் டேப் போட்டு மறைக்கச் சொல்லுங்க. சேஸிஸ் நம்பர் மேல கனமா அடிக்க விடாதீங்க, பிளாஸ்டிங் பண்ணும்போதும் அந்த இடத்தை மூடச் சொல்லுங்க. நம்பர் படிக்க முடியாம போனா ஆர்டிஓ ஆபீஸ்ல உங்க பாடு திண்டாட்டம். ஆனா டேங்க்கை நாங்க திரும்ப பெயின்ட் அடிக்கலை. பெரியப்பா முழங்கால் உரசி ரெண்டு பக்கமும் பளபளப்பு போன இடம் இருக்கு. புது பெயின்ட் எப்ப வேணும்னாலும் அடிக்கலாம், அந்தத் தேய்மானத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பாலிஷ் மட்டும் போட்டோம்.

கடைசியா அண்ணன் ஆசை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 என்ன சொல்லுதுன்னா, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணிச்சு. சேஸிஸை வெட்டறது இதுல நேரா மாட்டும். ஆர்எக்ஸ் 135-ஓட சிலிண்டரை ஏத்தறது நம்ம ஊர்ல ரொம்ப சகஜம், ஆனா அப்ப ஆர்சியில இருக்குற 98 சிசி பொய்யாகிடும். விபத்துன்னு வந்தா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அது ஒரு சாக்கு. கலர் மாத்தினாகூட ஆர்சியில பதிஞ்சுடுங்க, அதுல கலருக்குன்னே ஒரு இடம் இருக்கு.

வெட்டாம என்னல்லாம் பண்ணலாம்? நிறைய பண்ணலாம். தட்டையான ஹேண்டில் பார், ஏற்கெனவே இருக்குற போல்ட் ஓட்டையிலயே உட்கார்ற மாதிரி தச்ச ஒத்தை சீட், பின்பக்கம் கேஸ் ஷாக், நல்ல பிடிமானமுள்ள டயர். ஹெட்லைட்ல எல்இடி வேணும்னா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். இந்த வண்டியில ஹெட்லைட் பேட்டரியில இருந்து எரியறதில்லை, மேக்னெட் காயில்ல இருந்து நேரா ஏசி கரன்ட்ல எரியுது. அதான் ஐடிலிங்ல மங்குது. அப்படியே எல்இடி போட்டா மினுக்கும். ரெக்டிஃபையரோட டிசிக்கு மாத்தணும், அதையும் ஒரிஜினல் வயரிங்கை வெட்டாம தனி கப்ளர் போட்டுப் பண்ணணும்.

சைலன்ஸர்ல மட்டும் கை வைக்காதீங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கறேன். டூ-ஸ்ட்ரோக்ல சைலன்ஸர் சத்தத்தைக் குறைக்கற குழாய் மட்டும் இல்லை. எக்ஸாஸ்ட்ல இருந்து கிளம்பற அழுத்த அலை அதோட குறுகற பகுதியில மோதித் திரும்பி வந்து, வெளிய தப்பிக்கப் பார்க்கற புதுக் கலவையைத் திரும்ப சிலிண்டருக்குள்ள தள்ளும். உள்ள இருக்குறதை வெட்டி எடுத்தா சத்தம் கூடும், இழுவை குறையும், பெட்ரோல் வீணாகும். தெருவுல தூங்கற குழந்தைங்க எழுந்துக்கறது தனி.

அண்ணன் இப்ப ஒத்தை சீட்டும் தட்டை ஹேண்டிலும் மாட்டியிருக்கான். ஒரிஜினல் சீட், ஹேண்டில், கிராப் ரெயில் எல்லாம் துணி சுத்தி ஒரு பெட்டியில லாஃப்ட் மேல இருக்கு. பதினேழு போல்ட், ஒரு ஞாயித்துக்கிழமை காலை. எந்தப் பக்கம் வேணும்னாலும் மாத்திக்கலாம்.

இன்ஜின் புதுசா கட்டினதும் முதல் நாள் நின்ன இடத்துலயே ஸ்டார்ட் பண்ணி சில நிமிஷம் ஓட விட்டு, முழுசா ஆற விடுங்க. மூணு தடவை இப்படிப் பண்ணிட்டு சிலிண்டர் ஹெட் நட்டுகளைத் திரும்ப டார்க் பாருங்க. முதல் சில நூறு கிலோமீட்டருக்கு ஒரே வேகத்துல பிடிச்சு ஓட்டாதீங்க, ஏத்தி இறக்கி ஓட்டுங்க, முழுசா முறுக்காதீங்க. அம்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு பிளக்கைக் கழட்டிப் பாருங்க. காபித்தூள் நிறம்னா சரி. கறுப்பா ஈரமா இருந்தா பெட்ரோலோ ஆயிலோ அதிகம், அவசரம் ஒண்ணும் இல்லை. வெள்ளையா இருந்தா வண்டியை அங்கேயே நிறுத்திட்டு, பிபி மீட்டரைத் தேடுங்க.